ஆர்கன்காரர் வேலைக்கு வந்தவர்

எல்ஸாபே: இல்ல, அது இல்ல. அதுக்குப் பக்கத்துக் கட்டை. ஆங்... அதையே அழுத்திப் பிடிங்க. விட்டுறாதீங்க.

யோஸ்ட்: பிடிச்சிட்டுத்தான் இருக்கேன். இது என்னங்க, ஆடு கத்தற மாதிரி இருக்கு?

எல்ஸாபே: இந்தக் குளிர்ல கோயில் ஆர்கன்ல எல்லாக் குழாயும் ஆடு மாதிரிதான் கத்தும். அதுக்குத்தானே நான் இந்தப் பெட்டிக்குள்ள தலையை விட்டுட்டு நிக்கறேன். கேஸ்கேக்கா, காத்து குறையுது.

கேஸ்கே: காத்து குறையலை. எனக்கு வயசாகுது. விடிஞ்சதுலேர்ந்து இந்தத் துருத்தியை மிதிச்சிட்டு நிக்கறேன், ஒரு வாய் பீர் கஞ்சி உள்ள போகலை.

எல்ஸாபே: இன்னும் கொஞ்சம் குழாய்தான்க்கா.

கேஸ்கே: முந்தியும் இதையேதான் சொன்னே.

யோஸ்ட்: நான் வேணா வந்து மிதிக்கட்டுமா?

கேஸ்கே: அப்போ நான் வந்து கட்டையை அழுத்தவா? நான் அழுத்தினா நாளைக்கு ஊர்ப் பெரியவங்க காதைப் பொத்திட்டு ஓடுவாங்க. நீங்க இருக்கற இடத்துல இருங்க.

யோஸ்ட்: நாளைக்கு என்ன, ஏதாவது விசேஷமா?

எல்ஸாபே: உங்களுக்குத் தெரியாதா? உங்களை அனுப்பின ஆர்கன் செய்யறவர் சொல்லலையா?

யோஸ்ட்: கீழ காவல்காரர் மேல போன்னார். வந்தேன். வந்ததும் நீங்க கட்டையை அழுத்துங்கன்னீங்க. அழுத்தறேன்.

எல்ஸாபே: நல்ல ஆள்தான். இப்போ விடுங்க. அடுத்தது... நாளைக்கு ஆர்கன்காரர் வேலைக்குத் தேர்வு. இங்க இருக்கற டெட்லெஃப் ஐயாவுக்கு வயசாயிடுச்சு. வர்றவர் வாசிச்சுக் காட்டணும். ஊர்ச் சபைக்காரங்க கீழ உக்காந்து கேப்பாங்க. பிடிச்சா வேலை.

கேஸ்கே: முழுசாச் சொல்லு. வேலை மட்டுமா?

எல்ஸாபே: வேலையோட அவர் பொண்ணையும் கட்டிக்கணும்.

யோஸ்ட்: அது எதுக்கு?

எல்ஸாபே: வீடு கோயில் வீடு. ஆர்கன்காரர் மாறினா பழைய ஆர்கன்காரரும் பொண்ணும் தெருவுக்குத்தான் போகணும். அதனால வர்றவர் அந்தப் பொண்ணைக் கட்டிக்கிட்டா எல்லாரும் ஒரே கூரைக்கு அடியில இருந்துக்கலாம். ஊர் வழக்கம். டெட்லெஃப் ஐயாவும் அப்படி வந்தவர்தான்.

யோஸ்ட்: பொண்ணு எப்படி?

எல்ஸாபே: யாரு, எல்ஸாபேவா? அவளுக்கென்ன. முப்பதைத் தாண்டியாச்சு. முதல்ல மூக்கு வரும், அப்புறமா ஆள் வருவா. கோவம் வந்தா வீட்டுல தட்டு பறக்கும்.

கேஸ்கே: தட்டு மட்டுமா.

எல்ஸாபே: நீங்க சும்மா மிதிங்கக்கா.

யோஸ்ட்: சமையல்?

எல்ஸாபே: மீனைக் கரியாக்குவா. கஞ்சியைக் கல்லாக்குவா. இதுக்கு முன்னாடி வந்தவங்க எல்லாம் அதான் ஓடிப்போனாங்க. ஹாம்பர்க்லேர்ந்து ஒருத்தர் வந்தார். நல்ல பட்டுச் சட்டை. அவளைப் பாத்துட்டு, மறுநாளே மீன் படகுல ஏறிப் போயிட்டார். இன்னும் ரெண்டு பேர் தேர்வு வரைக்கும் வந்தாங்க. பாதியில ஆர்கன் ஊமையாயிடுச்சு. சபைக்காரங்க முகம் சுளிச்சாங்க. அதோட சரி.

யோஸ்ட்: ஆர்கன் ஊமையாயிடுச்சா? ரெண்டு தடவையுமா?

எல்ஸாபே: பழைய ஆர்கன்தானே.

யோஸ்ட்: ஓ... கேஸ்கேக்காவுக்கு ஏன் திடீர்னு இருமல்?

கேஸ்கே: தூசி. இந்த இடம் முழுக்கத் தூசி.

யோஸ்ட்: சரி, நாளைக்கு வர்றது யாரு?

எல்ஸாபே: யோஸ்ட்னு யாரோ. துரிங்கியா மலைப்பக்கமாம். கேள்விப்பட்டிருக்கீங்களா?

யோஸ்ட்: லேசா.

எல்ஸாபே: எப்படிப்பட்ட ஆளு?

யோஸ்ட்: சுமார்தான். வாயைத் திறக்க மாட்டார். திறந்தா மூட மாட்டார். சாப்பிடறப்போ மேசையில தாளம் போடுவார், சூப்பெல்லாம் சிந்தும். ராத்திரி தூக்கத்துல பாடுவாராம். அதுவும் கட்டைக் குரல்ல.

எல்ஸாபே: அய்யோ. பாவம் அந்தப் பொண்ணு.

யோஸ்ட்: நான் பாவம் அந்த ஆளுன்னு நினைச்சிட்டிருந்தேன்.

கேஸ்கே: பாவம் இந்தத் துருத்திதான். ரெண்டு பேரும் பேசறீங்க, காத்து வீணாப் போகுது.

எல்ஸாபே: சரி சரி. ஐயா, இப்போ கீழ் வரிசைக்கு வாங்க. இடது கோடியில ஒரு மரப்பிடி இருக்கு, அதை இழுங்க. ம். இப்போ ஏதாவது ஒரு கட்டை.

யோஸ்ட்: ...

எல்ஸாபே: என்ன, உங்க பேச்சையே காணோம்?

யோஸ்ட்: இல்ல, இந்தச் சத்தத்தைக் கேட்டுட்டு இருந்தேன். இது மத்த குழாய் மாதிரி இல்லையே. கரகரன்னு இருக்கு, ஆனா... ஒரு வயசானவர் மெதுவாப் பேசற மாதிரி.

எல்ஸாபே: ரொம்பப் பழசு அது. துறவிகள் இங்க இருந்த காலத்துல வார்த்த ஈயம். ஆர்கனை எத்தனை தடவை பிரிச்சுப் பெருசாக்கினாங்க, இந்த வரிசையை மட்டும் யாரும் உருக்கலை.

யோஸ்ட்: இந்தக் குழாய்ல என்ன வாசிச்சிருப்பாங்க?

எல்ஸாபே: என்ன வாசிப்பாங்க. துறவிகள் பாடறதையேதான். எல்லாரும் ஒரே குரல். ஒருத்தர் மாதிரி எல்லாரும். தாளம்கூடக் கிடையாதாம், மூச்சு எங்க முடியுதோ அங்க வரி முடியும். அப்புறம் யாரோ ஒருத்தருக்கு அலுத்துப்போயிருக்கும். அதே பாட்டை மேல கொஞ்சம் தள்ளிப் பாடிப் பாத்திருப்பார்.

யோஸ்ட்: பக்கத்துல நின்னவர் திட்டியிருப்பார்.

எல்ஸாபே: திட்டியிருப்பார். ஆனா மறுநாள் அவரும் வேற குரல்ல பாடியிருப்பார். அப்படித்தானே ஒண்ணு ரெண்டாச்சு, ரெண்டு நாலாச்சு. கடைசியில யார் என்ன வார்த்தை சொல்றாங்கன்னே புரியாம எல்லாரும் ஒரே நேரத்துல பாடினாங்களாம். கல்யாண வீட்டுல பேசற மாதிரி.

யோஸ்ட்: அதுக்கப்புறம் நம்ம சீர்திருத்தக்காரங்க வந்து, துறவிகள் மட்டும் ஏன் பாடணும், மீன் விக்கறவனும் பாடட்டும்னு சொன்னாங்க.

எல்ஸாபே: மீன் விக்கறவன் பாடறான். சுருதி சேராமப் பாடறான். அவனை இழுத்துட்டுப் போறதுக்குத்தான் ஞாயித்துக்கிழமை ஆர்கன் வேணும். ஒரு வரியில பாதி ஊர் முன்னாடி போயிடும், பாதி ஊர் பின்னாடி நிக்கும். நடுவுல நின்னு ரெண்டையும் சேர்த்துக் கட்டி இழுக்கணும். அதுல ஒரு சுகம் இருக்கு பாருங்க...

யோஸ்ட்: எதுல?

எல்ஸாபே: ஒண்ணுமில்ல. டெட்லெஃப் ஐயா சொல்லுவார். சரி, இப்போ மேல கீழ ரெண்டு வரிசையும் சேர்த்துக் கேக்கணும். வலது கையை மேல் கட்டையில வைங்க, இடது கையைக் கீழ.

யோஸ்ட்: வலது கை மட்டும் போதுமே. மேல ஒரு தடவை, கீழ ஒரு தடவை...

எல்ஸாபே: ரெண்டும் ஒரே நேரத்துல ஒலிச்சாத்தானே சேருதான்னு தெரியும்?

யோஸ்ட்: இடது பக்கம் சட்டை கிழிஞ்சிருக்கு.

எல்ஸாபே: சட்டை கிழிஞ்சா கட்டை வேண்டாம்னா சொல்லுது? வைங்க.

யோஸ்ட்: கையெல்லாம் அழுக்கு.

கேஸ்கே: எல்ஸாபே, கண்ணு, அந்த மனுஷனை ஏன் பாடா படுத்தறே? நீயே வெளிய வந்து அழுத்து.

எல்ஸாபே: ...

யோஸ்ட்: ...

கேஸ்கே: என்ன? என்ன ஆச்சு?

எல்ஸாபே: அக்கா, நீங்க இப்போ என்ன சொன்னீங்க தெரியுமா?

கேஸ்கே: என்ன சொன்... அட கடவுளே.

யோஸ்ட்: பரவாயில்லக்கா. எனக்கு முதல்லயே தெரியும். வெளியாள் யாரும் இப்படிக் குழாய்க்குள்ள தலையை விட்டுச் சுருதி சேர்க்க மாட்டாங்க. அப்புறம்... மூக்கு ஒண்ணும் அவ்வளவு முன்னாடி வரலை.

எல்ஸாபே: முகத்துல எல்லாம் ஈயக்கரி. பாக்காதீங்க. நீங்க யாரு? ஆர்கன் செய்யறவரோட ஆளா இல்லையா?

யோஸ்ட்: நான் அப்படிச் சொல்லவே இல்லையே.

எல்ஸாபே: அப்போ?

யோஸ்ட்: தூக்கத்துல பாடறவன்.

கேஸ்கே: எந்தத் தூக்கத்துல? யாரு பாடறது? எனக்கு ஒண்ணும் புரியலை.

எல்ஸாபே: இவர்தான் அந்த யோஸ்ட், அக்கா. நாளைக்கு வாசிக்க வந்தவர்.

கேஸ்கே: பாக்கறதுக்கு அவ்வளவு மோசமா இல்லையே.

எல்ஸாபே: இறங்கிப் போங்க.

யோஸ்ட்: கோவமா?

எல்ஸாபே: எனக்கென்ன கோவம். வேலைக்கு வந்திருக்கீங்க. வீட்டைப் பாப்பீங்க, சம்பளத்தைப் பாப்பீங்க, பொண்ணைப் பாப்பீங்க. வந்தவங்க எல்லாரும் அதைத்தானே செஞ்சாங்க. நீங்க வேற மாதிரின்னு... விடுங்க. போங்க. நாளைக்குச் சபைக்காரங்க முன்னாடி பாத்துக்கலாம்.

யோஸ்ட்: வேற மாதிரின்னு ஏன் நினைச்சீங்க? என்னைப் பாத்து இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆகலையே.

எல்ஸாபே: அது எதுக்கு இப்போ. போங்கன்னேன்.

யோஸ்ட்: போறேன். போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். நான் இந்த ஊருக்கு முதல் தடவை வரலை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், கிறிஸ்மஸுக்கு முன்னாடி, மழையில வந்தேன். வேற ஊருக்குப் போற வழி. ஒதுங்கறதுக்குத்தான் கோயிலுக்குள்ள வந்தேன். சாயங்கால ஆராதனை நடந்துட்டிருந்துச்சு.

எல்ஸாபே: அதனால?

யோஸ்ட்: ஆர்கன் கேட்டேன். ஊர்க்காரங்க பாடற பாட்டுதான். ஆனா அந்தப் பாட்டு காலால வாசிக்கற மிதிக்கட்டையில மெதுவா, தன் பாட்டுக்கு நடந்து போகுது. அதுக்கு மேல ரெண்டு குரல், ஒண்ணை ஒண்ணு துரத்திட்டு ஓடுது. ஒண்ணு சொல்றதை இன்னொண்ணு திருப்பிச் சொல்லுது, ஆனா அது சொல்லும்போது வேற அர்த்தம் வருது. சண்டை மாதிரி ஆரம்பிச்சு... சண்டை இல்லன்னு முடிவுல தெரியுது. நான் நிறையப் பேர் வாசிச்சுக் கேட்டிருக்கேன். அப்படிக் கேட்டதில்ல.

எல்ஸாபே: அப்பா நல்லா வாசிப்பார்.

யோஸ்ட்: மறுநாள் காலைல உங்க வீட்டுக்கு வந்தேன். அப்பாவைப் பாத்து, காலைத் தொட்டு, கொஞ்ச நாள் கூட இருந்து கத்துக்கலாமான்னு கேக்க. அவர்தான் கதவைத் திறந்தார். இடது கையால. வலது கை பக்கத்துல தொங்கிட்டு இருந்துச்சு. உள்ள யாரோ சின்னக் கட்டைப் பெட்டியில அதே பாட்டை வாசிச்சிட்டு இருந்தாங்க. முந்தின நாள் கேட்ட அதே ரெண்டு குரல். கதவு திறந்ததும் நின்னுடுச்சு.

கேஸ்கே: எல்ஸாபே, நான் கீழ போய் யாராவது இருக்காங்களான்னு பாத்துட்டு வரவா?

எல்ஸாபே: வேண்டாம்க்கா. இங்கயே இருங்க. ஐயா... யார்கிட்ட சொன்னீங்க?

யோஸ்ட்: யார்கிட்டயும் இல்ல.

எல்ஸாபே: ரெண்டு வருஷமா?

யோஸ்ட்: ரெண்டு வருஷமா.

எல்ஸாபே: சொன்னீங்கன்னா அப்பா தாங்க மாட்டார். அவருக்குக் கை விழுந்து அஞ்சு வருஷம். விழுந்த அன்னைக்கே வேலையும் வீடும் போயிருக்கும். அந்த ஞாயித்துக்கிழமை நான் வந்து உக்காந்தேன். முதுகுப் பக்கம் இந்தச் சின்னக் குழாய்ப் பெட்டி இருக்குல்ல, கீழேர்ந்து பாத்தா ஆளே தெரியாது. அப்பா பக்கத்துல உக்காந்திருப்பார். யாருக்கும் தெரியலை. அப்புறம் அடுத்த ஞாயிறு. அப்படியே போயிடுச்சு. இப்போ அவரால படியும் ஏற முடியலை. ஜுரம், சளின்னு எத்தனை நாள் சொல்றது. சபைக்காரங்க முடிவு பண்ணிட்டாங்க. நாளைக்கு ஆள் கிடைக்கலைன்னா, ஏற்கெனவே கல்யாணமான யாரையாவது வெளியூர்லேர்ந்து கூட்டிட்டு வந்துடுவாங்க.

கேஸ்கே: நான்தான் சொன்னேனே, அந்தக் கடைசி ஆளுக்காவது காத்து விட்டிருக்கலாம்னு.

யோஸ்ட்: ஓ... தூசி.

கேஸ்கே: ஹாம்பர்க்காரரை மட்டும் நாங்க ஒண்ணும் செய்யலை. அவர் தானா ஓடினார். மத்த ரெண்டு பேருக்கும் இவ கண்ணைக் காட்டினா, நான் காலை எடுத்தேன்.

எல்ஸாபே: அந்த ரெண்டாவது ஆள் என்ன வாசிச்சார் தெரியுமா? பாரிஸ் நடனப் பாட்டு. கோயில்ல. ஜனங்க உக்காந்த இடத்துல காலை ஆட்டறாங்க. அவர் வந்தா நான் இந்தக் கட்டையைத் தொடவே முடியாது. வீட்டுக்குள்ள உக்காந்து மீனைக் கரியாக்கிட்டு, அவர் வாசிக்கறதை வாரா வாரம் கேக்கணும். அதுக்கு ஊமையா இருக்கற ஆர்கன் மேல்.

யோஸ்ட்: எனக்கும் காத்தை நிறுத்திடுவீங்களா?

எல்ஸாபே: நீங்க எப்படி வாசிப்பீங்கன்னு பாத்துட்டு.

யோஸ்ட்: அதுக்கு அவசியம் இருக்காது. இங்க பாருங்க.

எல்ஸாபே: என்ன?

யோஸ்ட்: இடது கை. சட்டை ஒண்ணும் கிழியலை.

எல்ஸாபே: இது... எப்போ ஆச்சு?

யோஸ்ட்: போன குளிர்காலம். பனியில வண்டி கவுந்துடுச்சு. சக்கரம் கை மேல. இந்த ரெண்டு விரலும் மடங்காது. இது மடங்கும், ஆனா திரும்ப நிமிர நேரமாகும். கரண்டி பிடிக்கலாம். கட்டை வாசிக்க முடியாது.

எல்ஸாபே: வலிக்குதா?

யோஸ்ட்: குளிர்ல.

எல்ஸாபே: இன்னைக்குக் குளிர்தானே. முன்னாடியே சொல்லக் கூடாதா? நான் வேற வைங்க வைங்கன்னு... இங்க கொடுங்க. எவ்வளவு சில்லுனு இருக்கு.

கேஸ்கே: நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன். சுவத்துல ஏதோ விரிசல் மாதிரி தெரியுது.

எல்ஸாபே: அப்போ இந்தத் தேர்வுக்கு ஏன் பேர் கொடுத்தீங்க? நாளைக்குச் சபைக்காரங்க முன்னாடி உக்காந்து என்ன பண்றதா இருந்தீங்க?

யோஸ்ட்: நாளைக்கு இருக்கறதா இல்ல. இன்னைக்கே சாயங்காலம் கிளம்பறதா இருந்தேன். இந்த மாடத்துக்கு ஏற யாரை விடறாங்க சொல்லுங்க. வேலைக்கு வர்றவனை மட்டும்தான் காவல்காரர் மேல விடறார். அதுக்காகத்தான் பேர் கொடுத்தேன்.

எல்ஸாபே: மேல வந்து?

யோஸ்ட்: ஒரு பாட்டு இருக்கு. அன்னைக்கு நீங்க வாசிச்சதுலேர்ந்து பிறந்தது. அதே பாட்டு, ஆனா வேற வழியில போகுது. தலைக்குள்ள முழுசா இருக்கு. என்னால வாசிக்க முடியாது. வேற யார் கையிலயாவது கொடுத்தா அது வேற பாட்டாயிடும். நீங்க ஒரு தடவை வாசிச்சுக் கேட்டுட்டுப் போயிடலாம்னு வந்தேன். அவ்வளவுதான். வீட்டைப் பாக்க வரலை.

எல்ஸாபே: பொண்ணை?

யோஸ்ட்: பொண்ணைப் பத்திக் கேள்விப்பட்டதெல்லாம் பயமா இருந்துச்சு. தட்டு பறக்குமாமே.

எல்ஸாபே: தள்ளி உக்காருங்க.

யோஸ்ட்: என்ன?

எல்ஸாபே: பெஞ்சுல தள்ளி உக்காருங்கன்னேன். எனக்கும் இடம் வேணும்ல. வலது கை நல்லாத்தானே இருக்கு? மேல் குரலை நீங்க வாசிங்க. இடது கையும் காலும் நான் பாத்துக்கறேன்.

யோஸ்ட்: இடது கை என்ன வாசிக்கணும்னு நான் இன்னும் சொல்லவே இல்லையே.

எல்ஸாபே: மேல் குரல் வந்தா கீழ என்ன வரும்னு தெரியாதா. தப்பாப் போனா தோளால இடிங்க. கேஸ்கேக்கா, அந்த விரிசலைப் பாத்தது போதும். காத்து.

கேஸ்கே: வருது, வருது.

யோஸ்ட்: ஆரம்பிக்கறேன்.

எல்ஸாபே: ம்... இது அந்தப் பாட்டுத்தான். ஆனா நீங்க கதவைத் திறந்து வேற அறைக்குப் போறீங்க.

யோஸ்ட்: இங்க கொஞ்சம் மெதுவா. மூச்சு விடணும்.

எல்ஸாபே: விட்டாச்சு. இப்போ என் முறை. நீங்க சொன்னதை நான் திருப்பிச் சொல்லட்டுமா?

யோஸ்ட்: சொல்லுங்க... அட. நான் நினைச்சது அது இல்ல.

எல்ஸாபே: இடிக்கலையே நீங்க.

யோஸ்ட்: இடிக்க மனசு வரலை. நான் நினைச்சதைவிட அதுதான் சரி.

எல்ஸாபே: உங்களுக்குக் கீழ் குரலை நம்பறதுக்குப் பயம். மேல் குரலே எல்லாத்தையும் தூக்கிட்டு ஓடுது. இறக்கி வைங்க. நான் பிடிச்சுக்கறேன்.

யோஸ்ட்: இப்படியா?

எல்ஸாபே: ம். இப்படி. இப்போ அந்தத் துறவிகளோட குழாய்க்கான பிடியை இழுங்க. கரகரன்னு வருமே, அது. கடைசி வரியில அது ஒண்ணு மட்டும் தனியா வரட்டும்.

யோஸ்ட்: ஒரே குரலா?

எல்ஸாபே: ஒரே குரலா.

யோஸ்ட்: ...

எல்ஸாபே: ...

கேஸ்கே: ஏன் நிறுத்திட்டீங்க? நான் மிதிச்சிட்டே இருக்கேன், சத்தத்தைக் காணோம். ஏன் ரெண்டு பேரும் அழறீங்க?

எல்ஸாபே: தூசிக்கா.

யோஸ்ட்: நன்றிங்க. நான் கேக்க வந்தது கிடைச்சிடுச்சு. சாயங்காலப் படகு எத்தனை மணிக்கு?

எல்ஸாபே: எந்தப் படகு?

யோஸ்ட்: மீன் படகு. வந்தவங்க எல்லாரும் அதுலதானே போனாங்க.

எல்ஸாபே: நாளைக்கு யார் வாசிக்கறது?

யோஸ்ட்: நான் எப்படி...

கேஸ்கே: நான் ஒண்ணு சொல்லட்டுமா? எனக்கு இசை தெரியாது, காலு மட்டும்தான் தெரியும். அஞ்சு வருஷமா கீழ இருக்கறவங்களுக்கு இந்தப் பெஞ்சுல யார் உக்காந்திருக்காங்கன்னு தெரியலை. நாளைக்கு மட்டும் தெரியவா போகுது? சபைக்காரங்கள்ல படி ஏறி வந்து பாக்கற ஆள் யாரு, அந்த மரக்கடைக்காரர்தான். அவர் பாதிப் படியில உக்காந்துடுவார்.

யோஸ்ட்: அவங்க ஒரு பாட்டைக் கொடுத்து, இதை இங்கயே விரிச்சு வாசின்னு சொல்வாங்களே.

எல்ஸாபே: எனக்கு அது ஒரு கஷ்டமா? வாரா வாரம் அதைத்தானே செய்யறேன்.

யோஸ்ட்: இல்லங்க. உங்க வாசிப்புக்கு நான் பேர் வாங்கறதா? அது எனக்குச் சரியாப் படலை.

எல்ஸாபே: இப்போ அப்பா பேர்ல வாசிக்கறேன். என் பேர்ல வாசிக்க இந்த ஊரும் விடாது, பக்கத்து ஊரும் விடாது. எனக்கு அதுல வருத்தம் இல்லாம இல்ல. ராத்திரி படுத்தா நெஞ்சுல கல்லு மாதிரி இருக்கும். ஆனா வாசிக்காம இருந்தா அந்தக் கல்லு இன்னும் பெருசு. அப்புறம் ஒண்ணு... இத்தனை வருஷத்துல நான் வாசிச்சு முடிச்சதும் எங்க நல்லா இருந்துச்சு, எங்க இல்லன்னு சொல்ல அப்பாவைத் தவிர ஆள் கிடையாது. இப்போ அப்பாவுக்குக் காதும் மந்தமாயிட்டு வருது.

யோஸ்ட்: நான் சொல்லுவேன்.

எல்ஸாபே: நல்லா இல்லன்னா?

யோஸ்ட்: அதையும் சொல்லுவேன். நான் எழுதறதுல இடது கையை நீங்க எழுதணும். அதுக்கு ஒத்துக்கிட்டாத்தான்.

எல்ஸாபே: உங்க பாட்டுக்கு இடது கை ரொம்பவே தேவைப்படுது. ஒத்துக்கறேன்.

யோஸ்ட்: அப்புறம் இன்னொண்ணு இருக்கே. வேலையோட...

எல்ஸாபே: வேலையோட என்ன?

யோஸ்ட்: ஊர் வழக்கம்.

எல்ஸாபே: ஓ. அதுவா.

யோஸ்ட்: அதை வேலைக்காகக் கேக்க எனக்கு இஷ்டமில்ல. வேலை வேற, அது வேற. நாளைக்குத் தேர்வு எப்படி வேணா போகட்டும், சபைக்காரங்க துரத்தி விடட்டும். அப்பவும் நான் கேப்பேன். உங்களுக்கு வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடுங்க, நான் பக்கத்துத் தெருவுல வாடகைக்கு இருந்துக்கிட்டு ஞாயித்துக்கிழமை மட்டும் இந்தப் பெஞ்சுல...

கேஸ்கே: வாயைத் திறந்தா மூட மாட்டார்னு சொன்னது நிஜம்தான் போல.

எல்ஸாபே: நான் மீனைக் கரியாக்குவேன். அது பொய் இல்ல.

யோஸ்ட்: நான் சூப்பைச் சிந்துவேன். அதுவும் பொய் இல்ல.

எல்ஸாபே: அப்பாகிட்ட நீங்களே வந்து பேசணும். சத்தமாப் பேசணும். கேஸ்கேக்கா, இறங்குங்க. வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடிக்கலாம். இவருக்கும் சேர்த்து.

கேஸ்கே: இந்த வார்த்தைக்காகத்தான் விடிஞ்சதுலேர்ந்து மிதிக்கறேன். நான் முன்னாடி போறேன். நீங்க பிடியெல்லாம் தள்ளி வெச்சுட்டு மெதுவா வாங்க. ரொம்ப மெதுவா வேண்டாம்.

எல்ஸாபே: என்ன யோசனை?

யோஸ்ட்: ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு ஆராதனை முடிஞ்சது, போதகர் போயிட்டார், ஜனங்க எல்லாம் போயிட்டாங்க. ஆர்கன் மட்டும் நிக்கவே இல்ல. மெழுகுவத்தி அணைக்கறவர் திட்டிட்டே ஒவ்வொண்ணா அணைச்சார். அப்பவும் வாசிச்சிட்டே இருந்தீங்க. கடைசி வரிக்கு வருவீங்க, முடியப் போகுதுன்னு நினைப்பேன், திரும்ப வேற பக்கம் போயிடுவீங்க. என் பாட்டு முழுக்க அந்த நேரத்துலதான் பிறந்துச்சு. தினமும் அவ்வளவு நேரம் வாசிப்பீங்களா?

எல்ஸாபே: இல்ல. அன்னைக்கு விரல் சூடாயிடுச்சு. நிறுத்த மறந்துட்டேன்.

யோஸ்ட்: சொல்றப்போ ஏன் அந்தப் பக்கம் பாக்கறீங்க?

எல்ஸாபே: சரி, இங்க வாங்க. இந்தச் சின்னக் குழாய்ப் பெட்டியில, நடுக் குழாய்க்கும் அடுத்ததுக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கு. குனிஞ்சு பாருங்க. கீழ என்ன தெரியுது?

யோஸ்ட்: ஒண்ணும் பெருசாத் தெரியலையே. ஒரு தூண். தூணுக்குப் பக்கத்துல கொஞ்சம் தரை.

எல்ஸாபே: அன்னைக்கு அந்தத் தரையில ஒருத்தர் நின்னுட்டிருந்தார். கோட்டுலேர்ந்து தண்ணி சொட்டிட்டு இருந்துச்சு, தொப்பியைக் கழட்டி நெஞ்சோட பிடிச்சிருந்தார். இன்னைக்குப் படியேறி வந்த உடனே முகத்தை எனக்கு அடையாளம் தெரிஞ்சிடுச்சு, பேருதான் தெரியலை... நான் நிறுத்தினா நீங்க போயிடுவீங்களேன்னுதான் நிறுத்தலை.